நான்கு மொட்டைகளும் ஒரு சம்பந்தி மாலையும்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு எடுப்பார்கள். வேலைக்கு வந்தவர்களைக் களத்தில் நிறுத்தி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். இருட்டுக்குள்ளிருந்து "ஐயா", "ஐயா" என்று குரல் வரும். அது எதற்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? மனிதர்களுக்கு ஒருவரை ஒருவர் பார்த்தால் அடையாளம் தெரியாது, அதனால்தான் தினமும் காலையில் ஒருமுறை பெயர் சொல்லி உறுதி செய்துகொள்கிறார்கள் என்று.

சின்னப் பையன் அப்படி நம்பினால் பரவாயில்லை. நான் மீசை முளைத்து, கல்யாணமாகி, ஒரு மகளும் பிறந்த பிறகும் ஏறக்குறைய அப்படியேதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நான் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, "இதைவிடப் பெரிதாக அசடு வழிந்ததுண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்டு, தாயே. அன்றைக்கு நான் இருந்தது வாய்க்காலில் இல்லை, ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில். கையில் ரோஜா மாலை. உள்ளங்கை வியர்த்து, மாலையைச் சுற்றியிருந்த வாழைநார் ஈரமாகிவிட்டது.

எதிரே முன்வரிசையில் நான்கு மொட்டைத் தலைகள். நான்கு பேருக்கும் ஒரே மெரூன் ஜிப்பா. அதில் ஒருவர் என் மகளின் மாமனாராகப் போகிறவர். தாலி கட்டுவதற்கு முன்னால் நான் அவருக்கு மாலை போட வேண்டும்.

எந்த மொட்டை என்று எனக்குத் தெரியவில்லை.

மண்டைக்குள் ஒருவர் லீவு

எனக்குக் கண்ணில் கோளாறு கிடையாது. டயரில் குத்தியிருக்கும் குண்டூசியைக்கூட எட்ட நின்று காட்டிவிடுவேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் கண் தெரியும், மூக்கு தெரியும், பல்லில் ஒட்டிய கீரை தெரியும். நீங்கள் சிரிக்கிறீர்களா, எரிச்சலில் இருக்கிறீர்களா என்பதும் நன்றாகவே தெரியும்.

ஆனால் இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து "இது இன்னார்" என்று சொல்கிற ஓர் ஆள் மற்றவர்கள் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறாராம். என் மண்டையில் அவர் நான் பிறந்ததிலிருந்தே லீவு.

ஈப்போவுக்குப் புதிதாக வருகிறவருக்கு ரோட்டோரச் சுண்ணாம்பு மலைகளைக் காட்டிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகக் காயம், உச்சியில் புதர், அடியில் குகை, எல்லாவற்றையும் ஆசையாகப் பார்ப்பார். மறுநாள் ஒரே ஒரு மலையைக் காட்டி "இது நேத்துப் பாத்ததா, வேறயா?" என்று கேளுங்கள். விழிப்பார். எனக்கு மனித முகங்கள் அப்படி. பார்க்கும்போது எல்லாம் இருக்கிறது. திரும்பினால் ஒன்றும் தங்குவதில்லை. சொந்த ஊரிலேயே நான் தினமும் புதிதாக வந்து இறங்குகிறவன்.

அதனால் மற்றதை வைத்துப் பிழைப்பு. விமலாவை, அதாவது என் மனைவியை, வளையல் சத்தத்தில் கண்டுபிடிப்பேன். மகள் கவிதா நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் முன்னால் வரும். எத்தனை பெரிய கூட்டமானாலும் அந்தத் தோள் எனக்குத் தப்பாது. அவள் நின்றுவிட்டால்தான் தகராறு.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் நான் வேலை பார்ப்பது டயர் கடையில். கடவுள் பார்த்துக் கொடுத்த வேலை. ஆளைத் தெரியாவிட்டால் என்ன, வண்டி தெரியுமே! சிவப்பு மைவி கார், வலது பக்கம் கீறல்: பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளை ஹைலக்ஸ், பின்னால் துரியான் பழ வாசனை: தோட்டக்காரச் சீனர். அந்த வாத்தியார் ஒருநாள் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் வந்து இறங்கியதும் நான் ஓடிப்போய், "அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு சார்?" என்று கேட்டேன்.

"அம்மா போய்ச் சேந்து பல வருசமாச்சு பாஸ்," என்றார் அவர். "நீங்க யாரு?"

இப்படிப்பட்ட நேரங்களுக்காகத்தான் நான் ஜோக்கடிக்கப் பழகினேன். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் உடனே ஒரு தமாசை எடுத்து விடுவேன். அவர் சிரித்து, பேசி, குரலைக் காட்டிக் கொடுப்பதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்படியும் பிடிபடாவிட்டால் இருக்கவே இருக்கிறது "மச்சான்". நம் ஊரில் யாரை மச்சான் என்றாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஊரெல்லாம் என்னை ஜாலியான ஆள் என்கிறது. பயத்தில் அடித்த ஜோக்குகள் ஐயா அவ்வளவும்!

முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்தோமே, அந்தக் காலம் எனக்குப் பொற்காலம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே "அண்ணே, நான்தான் குமாரு" என்று பெயர் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்கள். ஊரே பெரட்டுக்கு வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தேன்.

வாளியில் கட்டிய சிவப்புத் துணி

இது பிறவிக் கோளாறு என்பதற்குச் சாட்சி என் அம்மா.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டுப் பெண்கள் வாளியோடு கூட்டமாகத் திரும்புவார்கள். எல்லாருக்கும் தலைத்துணி, எல்லார் மேலும் ஒட்டுப்பால் வாசனை. நான் ஓடிப்போய் ஏதாவது ஒரு காலைக் கட்டிக்கொள்வேன். பாதி நாள் அது வேறு யாருடைய அம்மாவாகவோ இருக்கும். "இன்னைக்கு எனக்குப் பிள்ளையா நீ?" என்று அவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லாரையும் அம்மாவாக நினைக்கிற பாசக்காரப் பிள்ளை என்று லயத்து வீடுகள் முழுக்க எனக்குப் பேர்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் தன் வாளிக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டினார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு நான் காலை மாற்றிக் கட்டியதில்லை.

ரௌடி மாதிரி ஒருத்தன்

இது உலகத்தில் வேறு சிலருக்கும் இருக்கிறது என்று கண்டுபிடித்தது கவிதா. கல்லூரியில் படிக்கும்போது எதையோ போனில் வாசித்துவிட்டு வந்து, "அப்பா, இங்க உக்காருங்க," என்றாள். குடும்பப் படங்களில் முடியையும் உடுப்பையும் மறைத்து, வெறும் முகத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

விமலாவின் படத்தைப் பார்த்து, "உன் டீச்சரா?" என்றேன். கவிதாவையே பார்த்து, "சீரியல்ல வருமே, அந்தப் பொண்ணு," என்றேன். கடைசியாக ஒரு படம்.

"இது யாரும்மா, பாக்க ரௌடி மாதிரி இருக்கான்?"

"அது நீங்கப்பா."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பிறவியிலேயே சிலருக்கு இப்படி இருக்கும், முகத்தை அடையாளம் பிடிக்கிற வேலையை மூளை செய்யாது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலும் இருக்கலாம், இதற்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். ரொம்பப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாதாம். வெளியே வந்து கோப்பி குடித்தோம். எனக்கு ஒரே நிம்மதி. இத்தனை காலம் நான் மக்குப் பிளாஸ்திரி என்றல்லவா நினைத்திருந்தேன்!

தைப்பிங் மீசை

கவிதாவுக்குத் தைப்பிங்கில் மாப்பிள்ளை அமைந்தது. தினேஷ் தங்கமான பையன். அவனுடைய அப்பா மாணிக்கம், அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று அவரைப் பார்த்ததும் எனக்குக் கும்பிடத் தோன்றியது. காரணம், மீசை. வெள்ளை வெளேரென்று, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. போதாததற்குக் கையில் நீளமான கறுப்புக் குடை. தைப்பிங் மழையில் வளர்ந்தவர், வெயிலடித்தாலும் குடையை விடமாட்டார். மீசையும் குடையும் சேர்ந்து வந்தால் சம்பந்தி. இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஊர் மார்க்கெட்டான சிலிபின் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் எட்ட நின்று கை தூக்கினார். தலையில் தொப்பி, மூக்குவரை முகக்கவசம், குடை இல்லை. எனக்குப் பின்னால் நிற்கிறவரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, திரும்பிக் கெம்போங் மீனைப் பார்த்தேன்.

இரண்டு நாளில் தைப்பிங்கிலிருந்து, சம்பந்தி சொன்னதாகச் சேதி வந்தது. "பொண்ணோட அப்பாவுக்குத் தலைக்கனம் போலருக்கு. ஒரு வேலையா ஈப்போ வந்தேன், சளின்னு மூடிக்கிட்டு இருந்தேன், சரி. கையத் தூக்குறேன், நேரா பாக்குறாரு, பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு."

கவிதாவின் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. வாடியதெல்லாம் எனக்குத் தெரியும்.

"சொல்லிடலாம்பா. தினேஷ்கிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேன்," என்றாள்.

"வாய மூடு," என்றாள் விமலா. "மூளையில ஒன்னு இருக்குன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? பொண்ணுக்கு இருக்கா, பேரப்பிள்ளைக்கு வருமான்னு வரும். தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." தினேஷிடமும் போன் போட்டு, வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா என்கிட்ட ஒன்னும் கேக்கலப்பா. ஆனா போன தடவ போனப்ப சரியாவே பேசல. நான் அந்த வீட்டுலதான் இருக்கப் போறேன். சம்பந்தி மாலை அன்னைக்கு மட்டும் ஆள மாத்திடாதீங்க."

"மீசை இருக்கும்மா, பயப்படாதே," என்றேன்.

வாசலில்

கல்யாணம் தைப்பூசத்துக்கு அடுத்த வாரம். இந்த இடத்திலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

மேளச் சத்தத்தோடு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். விமலா பன்னீர் தெளிக்க, நான் கும்பிட்டபடி நின்றேன். கண் மட்டும் மீசையைத் தேடிக்கொண்டிருந்தது. ஆண்கள் எல்லாருக்கும் ஒரே மெரூன் ஜிப்பா. பாதிப் பேர் தைப்பூச மொட்டை. தாடி வந்தது, கண்ணாடி வந்தது, மீசை வரவில்லை. சம்பந்தி கோபித்துக்கொண்டு தைப்பிங்கிலேயே தங்கிவிட்டாரா?

பக்கத்தில் நின்ற ஒரு மொட்டைக்காரரிடம் குனிந்து, "சம்பந்தி இன்னும் வரலையா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதிலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மரியாதை தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

விமலா காதோடு சீறினாள். "அவரு மொட்டைங்க! மகன் கல்யாணம் நல்லா நடக்கணும்னு வேண்டுதலாம். தலை, மீசை எல்லாம் எடுத்துட்டாராம். தம்பிங்களும் எடுத்திருக்காங்களாம். இப்பதான் அவங்க வீட்டம்மா சொன்னாங்க."

"எந்த மொட்டை?"

அவள் கை நீட்டுவதற்குள் மேடையிலிருந்து ஐயர் கூப்பிட்டுவிட்டார். வளையல் சத்தம் போய்விட்டது.

குடையை நம்பி

ஆக, மாலையோடு நின்றேன். மைக் பிடித்திருந்த தம்பி, "இப்போது சம்பந்தி மரியாதை!" என்று அறிவித்துவிட்டான். மேளக்காரர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமலா மேடையில் ஓமப் புகைக்கு நடுவே இருந்தாள்.

குரலைப் பிடித்துவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டேன். நான்கு பேரையும் பொதுவாகப் பார்த்து, "என்ன, பசியாறியாச்சா?" என்றேன்.

"இல்ல, இனிமேதான்," என்றார்கள் நான்கு பேரும், ஒரே நேரத்தில்.

அண்ணன் தம்பிகளுக்குக் குரல்கூட ஒன்றுபோல வருமா? மயக்கம் போட்டு விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்படி விழுந்தால் தூக்குகிறவர்தான் சம்பந்தி என்று ஒரு கணக்கு.

அப்போது பார்த்தேன், குடையை. கடைசி நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது. நீளமான கறுப்புக் குடை. என் குலதெய்வமே நேரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. நேராகப் போய், அந்த நாற்காலியில் இருந்தவரின் கழுத்தில் மாலையைப் போட்டுக் கும்பிட்டேன்.

மேளம் முழங்கியது. அவர் மாலையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நான் சேகரன்," என்றார்.

சேகரன் யார் என்றால், விமலாவின் கூடப் பிறந்த அண்ணன். என் சொந்த மச்சான். என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டவர். அவரும் தைப்பூசத்துக்கு மொட்டை. எங்கள் பக்கத்துக்கு எடுத்த நீல ஜிப்பா தொப்பையில் பொத்தான் சேராததால் வீட்டில் இருந்த மெரூனைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டாரோடு பேச்சுத் துணைக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். குடை சம்பந்தியுடையதுதான். அதை ஓரமாக அந்த நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"அண்ணே, சாலா ஓராங் லா! ஆள் மாறிப் போச்சு!" என்றான் மைக் தம்பி. மண்டபம் அதிர்ந்தது. "அவரு எப்பவுமே இப்படித்தான், தமாசு பண்ணாம இருக்க மாட்டாரு," என்று என் பக்கத்து ஆட்களே கைதட்டினார்கள். மற்ற மூன்று மொட்டைகளில் இரண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.

ஒன்று சிரிக்கவில்லை. சிரிக்காத மொட்டைதான் என் சம்பந்தி. அன்றைக்கு அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அவர் எழுந்தார். "பாசார்ல பாத்துட்டு மூஞ்சியத் திருப்புனீங்க. சரின்னு விட்டேன். வாசல்ல என்கிட்டயே வந்து சம்பந்தி வரலையான்னு கேட்டீங்க. அதையும் விட்டேன். இப்ப சபையில என்னைய வச்சு விளையாடுறீங்களா?"

"இல்ல சம்பந்தி. எனக்கு முகம் பாத்தா ஆள் தெரியாது. பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்."

இதற்கும் பின்வரிசை சிரித்தது. காலமெல்லாம் ஊரைச் சிரிக்க வைத்தவன் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னால் இதுதான் கதி.

மேடையில் ஏதோ சலசலப்பு. பட்டுப்புடவையில் ஒரு பெண் எழுந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். பூவும் நகையும் போட்டு, முகத்துக்கு என்னென்னவோ பூசி விட்டிருந்தார்கள். ஆனால் இடது தோள் கொஞ்சம் முன்னால் வந்தது.

"மாமா, அப்பா விளையாடல," என்றாள் கவிதா. "இந்த நகையக் கழட்டிட்டு நான் அந்தக் கூட்டத்துல போய் நின்னா என்னையே அவருக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்ட முன்னாலேயே சொல்லியிருக்கணும்."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. சம்பந்தியின் மனைவி மெதுவாகக் கேட்டார். "உனக்கும் இருக்காம்மா?"

விமலா பயந்த கேள்வி வந்தேவிட்டது.

"எனக்கு இல்ல அத்தை. நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்."

"எனக்குத் தெரியும்மா," என்றான் தினேஷ், புகைக்குள்ளிருந்து. "விமலா அத்தைதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனாங்க."

சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ. அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"அப்ப அன்னைக்கு பாசார்ல நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசியிருந்தா?"

"அங்கேயே கோப்பி வாங்கிக் கொடுத்திருப்பேன்."

அவர் இரண்டடி முன்னால் வந்தார்.

"மாணிக்கம்," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார்.

சம்பந்திக்கென்று வாங்கியிருந்தது ஒரே ஒரு மாலைதான். சேகரன் மச்சான் முணுமுணுத்துக்கொண்டே கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அதை வாங்கி மாணிக்கத்துக்குப் போட்டேன். கவிதா திரும்பிப் போய் மணவறையில் உட்கார்ந்தாள். தினேஷ் தாலி கட்டினான்.